யார் கையில் முதுகைக் கொடுப்பது?

கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் சட்டென்று தள்ளியும் வலியைத் தணிக்க முயலும் சிகிச்சை. கிரேக்க மொழியில் கை, செய்கை என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்ற காந்த வைத்தியர் இதைத் தொடங்கினார். காது மந்தமாகியிருந்த ஹார்வி லில்லர்டு என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் ஓரிடம் புடைத்திருக்கக் கண்டு அதை அழுத்தித் தள்ளியதாகவும், அதன்பின் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் சொன்னார். காதுக்கான நரம்பு முதுகெலும்புக்குள் ஓடுவதே இல்லை. எனவே அந்தக் கதை மருத்துவத்தில் நிற்கவில்லை. முதுகைக் கையால் சரிசெய்யும் பழக்கம் மட்டும் நின்று, கடல் கடந்தும் பரவியது.

தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்கு அது வந்து சேர்ந்தது பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். சிகிச்சை தருபவர் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளுவார். 'மடக்' என்று சத்தம் கேட்கும். படுத்திருந்தவர் எழுந்து சிரிப்பார். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்கென்று மையங்கள் நடக்கின்றன. செய்யாற்றிலோ ஆரணியிலோ இருப்பவர் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டுத் தன் இடுப்புக்கும் இதுதான் வழி என்று எண்ணினால் வியப்பில்லை. அந்த வட்டாரத்தில் இடுப்புவலியைப் பற்றிப் பேசாத வீடு அரிது.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். அங்கே பட்டு நெய்யும் குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விடுகிறார். நெய்த துணி சுருளும் படமரம் வயிற்றை ஒட்டி நிற்கிறது. முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கால் மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரியும். கை நாடாவை ஓட்டும். அச்சுப் பலகையை இழுத்து ஊடையை அடிக்கும். இழை அறுந்ததா, கரை நேராக வருகிறதா என்று பார்க்கக் கண் கீழே போகும். கண்ணோடு கழுத்து போகும், கழுத்தோடு முதுகு போகும். ஜக்கார்டை இயக்கும் மிதி மற்றவற்றைவிடக் கனமானது. நாளெல்லாம் அதை ஒரே கால் அழுத்தினால் அந்தப் பக்கத்து இடுப்பில் பிடிப்பு விழலாம். நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர், கண்ணாடி போடாமல் நெய்தால் இழையைப் பார்க்க இன்னும் சிரமப்படுகிறார். இத்தனையும் ஒரு சேலைக்கு எத்தனை நாளோ அத்தனை நாளும், சேலை மாறி அடுத்த பாவு ஏறிய பிறகும் நடக்கிறது. தறியை விட்டால் மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் ஒரே நிலையில் வேலை பார்த்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். வலியின் இடம் ஒன்றுதான், அது வந்த வழி வேறு வேறு.

அந்த வலிக்கு இப்பகுதியில் ஏற்கெனவே பல கைகள் உண்டு. தெருவுக்குத் தெரு சுளுக்கு வழிப்பவர் இருக்கிறார். கால் முன்னே வரப் பிறந்தவர் முதுகில் மெல்ல மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. சித்த மருத்துவர் தொக்கணம் என்ற பிடித்துவிடும் சிகிச்சை செய்கிறார். வர்மம் தெரிந்தவர் புள்ளி பார்த்து இளக்குகிறார். 'புத்தூர் கட்டு' என்ற பலகை பல ஊர்களில் தொங்குகிறது. அரசு மருத்துவமனையிலும் தனியாரிடத்திலும் இயன்முறை சிகிச்சையாளர் இருக்கிறார். கைரோபிராக்டிக் இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பது. எந்த முறை தனக்கு ஏற்றது என்ற கேள்வி ஒரு நெசவாளருக்கு எழும்போது, கைரோபிராக்டிக்கின் உட்பிரிவுகளை மட்டும் எடைபோட்டுப் பயனில்லை. இந்தக் கைகள் அத்தனையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த முதுகில் யாரும் கைவைக்கலாமா? முதுகுவலியில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது என்று மருத்துவ நூல்கள் சொல்லும் அளவுக்கு, குறிப்பிட்ட நோய் எதையும் காட்டாத வலி. தசை, தசைநார், சிறு மூட்டுகள் ஆகியவற்றின் களைப்பும் பிடிப்பும் சேர்ந்த வலி அது. அதில் பெரும்பாலானது சில வாரங்களில் தானே தணியும். மீதிப் பத்தில் ஒன்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் அதில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். எலும்பைத் தாக்கும் காசநோய் மிகுதியாகப் பிடிக்கும் இடம் முதுகெலும்பு. மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைவு, இரவில் புரண்டு படுக்கவிடாத வலி என்று மெதுவாக வரும் அது, நெசவாளர் வீட்டில் 'தறிவலி' என்ற பெயரில் மாதக்கணக்கில் மறைந்துகொள்ள இடமிருக்கிறது. அரித்துப்போன எலும்பின்மேல் ஒரு தள்ளு விழுந்தால் அது நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தும், கால்கள் செயலிழக்கலாம்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவினால் நரம்பு பலமிழந்திருக்கிறது. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர், மாதவிலக்கு நின்ற பின் எலும்பு மெலிந்த பெண், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், வண்டியிலிருந்து விழுந்த பிறகு வலி தொடங்கியவர் ஆகியோர் மருத்துவர் பார்க்காமல் யாரிடமும் முதுகைத் தள்ளக் கொடுக்கக் கூடாது. இருபது, இருபத்தைந்து வயதில் காலையில் எழும்போது முதுகு கட்டைபோல் இறுகியிருந்து, வேலை செய்யச் செய்ய இளகினால், அது மூட்டுவாத வகை நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து உண்டு, நெட்டி எடுப்பதால் தீராது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஸ்கேனில் 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்று எழுதிவிட்டால் குடும்பமே பயந்துபோகிறது. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 100க்கு 30 பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 பேருக்கும் ஜவ்வு எனப்படும் அந்தத் தட்டு புடைத்திருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பதுபோல் தட்டும் வயதோடு மாறுகிறது. படத்தை மட்டும் காட்டி 'விலகிய ஜவ்வை உள்ளே தள்ளுகிறேன்' என்று யார் சொன்னாலும், எந்த மருத்துவத்தின் பெயரால் சொன்னாலும், அந்தப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. பிதுங்கிய தட்டு கையால் தள்ளி உள்ளே போவதில்லை. பலருக்கு மாதங்கள் போகப் போக அது தானாகவே சுருங்குகிறது.

ஆபத்து இல்லையென்று உறுதியான பிறகு முறைகளைப் பார்க்கலாம். கைரோபிராக்டிக்கில் அதிகம் புழங்குவது 'டைவர்சிஃபைடு' எனப்படும் கைத்தள்ளல். மூட்டை அது போகும் எல்லைவரை கொண்டுபோய், அங்கே மிகக் குறுகிய தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு கொடுப்பார்கள். சத்தம் வருவது இப்படித் தள்ளும்போதுதான். எலும்பு இடம் மாறிப்போய்த் திரும்பச் சேர்ந்த ஒலி என்று அதைப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைய, கரைந்திருந்த வாயு ஒரு குழியாகப் பிரிகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2015இல் விரல் நெட்டி முறிவதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நேரடியாகப் படமெடுத்து இதைக் காட்டினார்கள். விரலில் நெட்டி முறிக்கும்போது நடப்பதுதான் முதுகிலும் நடக்கிறது என்று கருதுகிறார்கள். சத்தம் வந்தால் குணமாயிற்று என்றோ, வராவிட்டால் சிகிச்சை தோற்றது என்றோ பொருளில்லை.

கான்ஸ்டெட் முறை முதுகெலும்பு முழுவதையும் எக்ஸ்-ரே எடுத்து, எந்த எலும்பு என்று குறித்துக்கொண்டு தள்ளுவது. அந்த எக்ஸ்-ரேயால் பலன் கூடுகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. கதிர்வீச்சும் செலவும்தான் கூடும். தாம்சன் முறையில் மேசையின் ஒரு பகுதி தள்ளும்போது சற்றே கீழே இறங்கிக்கொடுப்பதால் கை பலம் குறைவாகப் போதும். ஆக்டிவேட்டர் என்பது 1960களில் அமெரிக்காவில் உருவான ஒரு கைக்கருவி; உள்ளே ஒரு வில், முனையில் ரப்பர். முதுகில் வைத்து அழுத்தினால் மெல்லத் தட்டும். திருகல் இல்லை, சத்தம் இல்லை. கைத்தள்ளலுக்கு அஞ்சுபவருக்கும் வயதானவருக்கும் இதைப் பரிந்துரைப்பார்கள். காக்ஸ் முறையில் இடுப்புக்குக் கீழே மடங்கும் மேசையில் படுக்கவைத்து, முதுகைத் தாளகதியில் நீட்டி நீட்டி விடுவார்கள். கால்வரை இழுக்கும் வலிக்கு இது மென்மையான வழி.

இவற்றில் எது சிறந்தது? உள்ளபடி சொன்னால், ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு தெரியவில்லை. சரியான எலும்பைத் தேர்ந்து தள்ளியதையும், ஏதோ ஓரிடத்தில் தள்ளியதையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2021இல் தொகுத்தபோது, நோயாளிகளின் வலி குறைந்த அளவில் வித்தியாசம் காணவில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கு முதுகெலும்பைத் தள்ளும் சிகிச்சை, மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பிற நல்ல சிகிச்சைகளின் அளவுக்கே பலன் தருகிறது என்று 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த 47 ஆய்வுகளின் தொகுப்பு சொன்னது. அவற்றைவிட அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. எலும்பு 'இடம் பிசகுவதால்' நோய் வருகிறது என்ற பால்மரின் கொள்கை பழைய வரலாற்றுக் கருத்து என்றும், நோய்க்கு அதுவே காரணம் என்று சொல்ல ஆய்வுச் சான்று இல்லை என்றும் பிரிட்டனின் கைரோபிராக்டிக் பதிவுக் குழுவே 2010இல் அறிவித்தது. ஆகவே முதுகைத் தள்ளுவதால் சர்க்கரை குறையும், ஆஸ்துமா தீரும், குழந்தை பிறக்கும் என்று பேசும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

முறையின் பெயரைவிட வலியின் குணமே தேர்வுக்கு வழிகாட்டும். இங்கே நியூசிலாந்தின் இயன்முறை சிகிச்சையாளர் ராபின் மெக்கன்சியின் அனுபவம் தறிக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும். 1956இல் கால்வலியோடு வந்த ஒருவரை அவர் மேசையில் குப்புறப் படுத்துக் காத்திருக்கச் சொன்னார். மேசையின் தலைப்பகுதி முந்தைய நோயாளிக்காக உயர்த்தியபடியே இருந்தது. வந்தவர் முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலேயே படுத்துவிட்டார். மெக்கன்சி திரும்பி வந்து பார்த்துப் பதறினார். நோயாளியோ, கால்வலி போய்விட்டது, பல நாளில் இன்றுதான் சுகமாக இருக்கிறது என்றார். இதிலிருந்து எழுந்த முறை, எந்தப் பக்கம் அசைத்தால் வலி ஒடுங்குகிறது என்று பார்த்து அதே பக்கம் பயிற்சி தருவது. காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலேறி வந்தால் நல்ல குறி, இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் சரி. கீழே இறங்கினால் அந்த அசைவை நிறுத்திவிட வேண்டும்.

நாள் முழுதும் முன்னோக்கிக் குனியும் நெசவாளர்களில் பலருக்குப் பின்னோக்கி வளைவது இதம் தரும். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டு மேலுடலை மட்டும் மெல்ல எழுப்புவது. புஜங்காசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. அறுபதைத் தாண்டியவர் கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து நடந்தால் வலிப்பதில்லை என்று சொன்னால், தண்டுவடம் போகும் வழி குறுகியிருக்க வாய்ப்புண்டு. அவருக்குப் பின்வளைவு வலியைக் கூட்டும். முழங்காலை மார்புக்கு இழுக்கும் பயிற்சியும் காக்ஸ் போன்ற மென்மையான முறையுமே ஏற்றவை. வேகமான கைத்தள்ளல், வேறு நோயில்லாத, எலும்பு உறுதியான, வலி முதுகோடு நிற்கிற, நடுவயதுக்கு உட்பட்டவருக்கு ஓரளவு பொருந்தும். பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலே அவருக்கு அந்த முறை வேண்டாம்; இறுகிய தசையோடு படுத்திருப்பவரைத் தள்ளுவது வலியைத்தான் கொடுக்கும்.

கழுத்துக்கு இந்தத் தளர்வு எதுவும் கிடையாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. தலையைச் சட்டென்று திருகும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிய நேரலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இது அரிதாக நடப்பது, ஆனால் நடந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு. கர்நாடகத்தின் பெல்லாரியில் 2024இல் முடிவெட்டும் இடத்தில் கழுத்தைத் திருகி நெட்டி எடுத்ததில் 30 வயது இளைஞர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்த செய்தி நாடெங்கும் வெளியானது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறிப்பது தமிழ்நாட்டில் இலவச உபசாரம்போல் நடக்கிறது. முடிதிருத்துபவர் அன்போடுதான் செய்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி. கழுத்துவலிக்கு மென்மையான அசைவும் பயிற்சியும் போதும். திடீரென்று இதுவரை இல்லாத கழுத்துவலி, தலைவலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவை வந்தால் கழுத்தைத் தொடக்கூட விடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, கைவைப்பவர் யார் என்பது. கைரோபிராக்டிக் பயில நான்கு ஆண்டு முழுநேரக் கல்வியும், குறைந்தது 4,200 மணி நேர வகுப்பும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வழிகாட்டியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ பதிவுக் குழுவோ இல்லை. வெளிநாட்டில் முறையாகப் படித்துவந்தவரும், சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயரில் பலகை மாட்டலாம். நோயாளிக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. இந்த ஓட்டையை அரசு அடைக்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது. இயன்முறை சிகிச்சை 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் வருகிறது. சித்த மருத்துவர் ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பு முடித்து மாநிலக் குழுவில் பதிவு செய்கிறார். எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு, எதில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நன்கு படித்தவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

உள்ளூர் முறைகளைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. சித்த மருத்துவம் புற மருத்துவத்தை 32 என்று வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்றான தொக்கணத்தை மட்டும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பதாகப் பிரித்துச் சொல்கிறது. கைரோபிராக்டிக்கும் மேற்கத்திய மசாஜும் இயன்முறையின் மூட்டசைவுகளும் செய்யும் பலவற்றுக்கு இந்தப் பட்டியலிலேயே பெயர் இருக்கிறது. வர்ம நூல்கள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 புள்ளிகளைச் சொல்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களில் இவற்றை முறைப்படி கற்றவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் தடவி, தசையை இளக்கி, வலிக்காத அளவில் செய்யும் தொக்கணம் தறிவலிக்கு நல்ல துணை. புத்தூர் கட்டின் இடம் வேறு. திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் வழியில் ஆந்திரத்தில் இருக்கும் புத்தூருக்குப் புகழ், மூலிகைப் பற்றும் மூங்கில் தப்பையும் வைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுவதால் வந்தது. நாள்பட்ட இடுப்புவலி முறிவு அல்ல. அதற்குக் கட்டுப்போட்டு வாரக்கணக்கில் படுக்கவைத்தால் தசை மெலிந்து வலி நிலைத்துவிடும். வயதானவரின் முதுகை மிதிப்பதும், உருளைக் கட்டையால் தேய்ப்பதும் மெலிந்த எலும்பை உடைக்கக்கூடியவை. அவற்றை விட்டுவிடுவது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கான வழிகாட்டியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. உலகில் 2020இல் 61.9 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகை இடுப்புவலி இருந்தது; 2050இல் 84.3 கோடி ஆகலாம் என்பது கணக்கு. நோயாளிக்கு விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ், முதுகெலும்பைத் தள்ளும் சிகிச்சை ஆகியவற்றை வழங்கலாம் என்கிறது அந்த வழிகாட்டி. கடைசி இரண்டுக்கும் சான்று வலுவானதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர்களில் இடுப்புவலி என்று போனால் முதலில் கைக்கு வருவது அந்தப் பட்டைதான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி இன்னும் தெளிவாக, கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே தர வேண்டும் என்கிறது. படுக்கவைத்துத் தள்ளிவிட்டு, வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லாமல் அனுப்பும் இடம் பாதி வேலையைத்தான் செய்கிறது. முதல் நாளே முப்பது முறைக்கான பணத்தைக் கட்டச் சொல்லும் இடத்துக்கு அந்தப் பாதிப் பெருமையும் கிடையாது. நான்கைந்து முறைக்குள் குனிவதும் உட்காருவதும் தூங்குவதும் கொஞ்சமாவது எளிதாக வேண்டும். ஆகாவிட்டால் அந்த முறை அந்த முதுகுக்குப் பொருந்தவில்லை. பணத்தையும் நாளையும் மேலும் கொட்ட வேண்டாம். ஒரு நாள் சென்னைக்குப் போய்வருவது நெசவாளருக்கு ஒரு நாள் கூலியும் போவதுதான்.

எந்தக் கை குணப்படுத்தினாலும் அடுத்த நாள் காலை அந்த முதுகு அதே குழிக்குத்தான் திரும்புகிறது. உட்காரும் பலகையைச் சற்று உயர்த்தி, முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்கும்படி வைத்தால் கீழ்முதுகின் இயல்பான வளைவு காக்கப்படும். பலகைமேல் ஒரு மெத்தை, பின்னால் கயிற்றிலோ பலகையிலோ ஒரு சிறு சாய்மானம், துணிமேல் நேராக விழும் ஒரு விளக்கு, நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி. இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் ஐந்து முறை வளைந்துவிட்டு உட்கார்ந்தால் தறியில் இழப்பது இரண்டு நிமிடம். கைத்தறித் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் தறிக்கு உதவி தரும்போது, தறிக்காரர் உட்காரும் பலகைக்கும் ஒரு கணக்கு ஒதுக்கினால் எத்தனையோ முதுகுகள் பிழைக்கும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. செய்யாற்றிலோ ஆரணியிலோ சுற்றுக் கிராமங்களிலோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு தறியிலிருந்து எழுபவர் யாராக இருந்தாலும், கைப்பேசியில் பார்த்த மையத்துக்குப் பணம் கட்டும் முன், தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் அந்தச் சிகிச்சையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டணம் கிடையாது.